கூலி கேளாத குட்டிச்சாத்தன்

ஒருவன் தனக்கு உதவி செய்தவர் இன்னார் என்று அறியாமலே அவ்வுதவியைத் துய்த்து வாழலாமா? அறிய முயலாதிருத்தல் குற்றமாகுமா? கேட்ட அளவில் இவ்வினா எளியதாகத் தோன்றும். ஆயினும் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் ஒரு முதிய தாயார் இதனை வேறோர் உருவில் நம்மிடம் கேட்டபோது, அதுவரை தம்ம உரை நிகழ்த்திக்கொண்டிருந்த நாம் ஒரு சொல்லும் கூற இயலாது அமர்ந்துவிட்டோம். அவ்வினாவையும், அதனைப் பற்றி ஒரு திங்கட் காலம் நாம் எண்ணியவற்றையும் இங்கு எழுதுகின்றோம்.

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே உள்ள சிற்றூர்களை வாசகர்களிற் பலர் அறிவர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று வகுத்த எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்தது, உறவுகளைப் பிரிக்கவில்லை. வீட்டு மூலைகளில் குடியிருந்த சிறு தெய்வங்களையும் அது பிரிக்கவில்லை. மாடனும் இசக்கியும் யட்சியும் மந்திரமூர்த்தியும் குட்டிச்சாத்தனும் இருபுறத்தும் படையல் பெற்றே வந்தனர்.

அத்தகைய ஊர் ஒன்றில், தம்மத்தைத் தழுவிய இளைஞர் ஒருவரின் இல்லத்தில் நாம் பேசி முடித்தோம். அப்போது அவருடைய பாட்டியார் நம்மை அடுக்களைக்குப் பின்புறம் அழைத்துச் சென்றார். அங்கே சுவரோரம் ஓர் உருண்டைக் கல் இருந்தது. அதன்மேல் மஞ்சள் பூசியிருந்தது. முன்னே சிறிது அவலும் ஒரு கிண்ணமும் இருந்தன. எண்பது வயதைக் கடந்த அத்தாயார், அவ்வூர் வழக்கப்படி நம்மை "மக்களே" என்று விளித்துக் கூறினார்:

"மக்களே, கோயிலை விட்டோம், கொடையை விட்டோம், மந்திரவாதியையும் விட்டோம். எல்லாம் சரிதான். இந்தச் சாத்தன் எனக்கு ஒரு கெடுதியும் செய்தவனில்லையே! நான் மருமகளாய் இந்த வீட்டுக்கு வந்து, பிள்ளை பெற்று, எழுந்திருக்க மாட்டாமல் கிடந்த காலத்தில், விடியும்போது பானையெல்லாம் நிறைந்திருக்கும், அடுப்புச் சாம்பல் அள்ளியிருக்கும், முற்றம் தூத்திருக்கும். யார் செய்தார் என்று கேட்டேன். 'சாத்தன் செய்வான், எழும்பிப் பார்க்காதே, பார்த்தால் போய்விடுவான்' என்றார் என் மாமியார். அவனைப் பேரன் தூக்கிக் குளத்தில் போடச் சொல்கிறான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கலாமா?"

பேரனோ, "பாட்டி, கல் தண்ணீர் சுமக்குமா?" என்று கேட்டார். இருவரும் நம் முகத்தை நோக்கினர். பேரன் பக்கம் அறிவு நின்றது; பாட்டியார் பக்கம் நன்றி நின்றது. நன்றியைக் கொன்று அறிவை நாட்டுவதற்கு நாம் ஒருப்படவில்லை. பொய்யைப் போற்றி நன்றியைக் காப்பதற்கும் மனம் இசையவில்லை. "அடுத்த பௌர்ணமிக்கு வருகின்றோம், அம்மா, அன்று கூறுகின்றோம்" என்று சொல்லி விடைபெற்றோம்.

குட்டிச்சாத்தனைப் பற்றிக் கேரள நாட்டில் வழங்கும் கதைகள் மிகப் பல. அவன் சிறுவன் உருவினன் என்பர். பகைத்தவர் வீட்டுக் கூரைமேற் கல்லெறிவான். சோற்றில் மயிர் விழச் செய்வான். கொடியில் உலரும் துணியைத் தீப்பற்றச் செய்வான். மந்திரத்தால் தன்னை வசப்படுத்தியவனுக்கோ, ஏவிய பணியனைத்தையும் செய்து முடிப்பான் என்று நம்பினர். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்து 1909-ஆம் ஆண்டு முதல் வெளியான ஐதிஹ்யமாலையில் சாத்தனை ஏவல்கொண்ட மந்திரவாதிகளின் கதையைக் காணலாம். 1984-இல் வெளிவந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமும் இவனைப் பற்றியதே. அக்கதையில் மந்திரவாதிக்கு அடிமைப்பட்ட சாத்தனைக் குழந்தைகள் விடுவிக்கின்றனர். பெரியோர் ஏவலாளாகக் கண்டவனைக் குழந்தைகள் தோழனாகக் கண்டனர் என்பதை நாம் மறக்கலாகாது.

சாத்தன் என்னும் பெயரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். அது சாஸ்தா என்பதன் தமிழ் வடிவம் என்றும், ஆசிரியர் எனப் பொருள்படும் அச்சொல் புத்தர் பெருமானுக்குரிய பெயர்களுள் ஒன்று என்றும், மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1940-இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' என்னும் நூலில் காட்டியுள்ளார். மணிமேகலை பாடிய புலவர் பெயரும் சாத்தனாரே. உலகாசிரியரின் பெயர், பின்னாளில் ஏவலுக்கு ஓடும் குட்டிப் பேய்க்கு வந்து சேர்ந்ததோ என்று எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கின்றது. ஆயினும் பெயராராய்ச்சி அத்தாயாரின் வினாவுக்கு விடையாகாது. பெயர் உயர்ந்தது என்பதற்காக ஒரு பொய்யைக் காத்தலும், பெயர் தாழ்ந்தது என்பதற்காக ஒரு மெய்யைத் தள்ளுதலும் ஒருங்கே பிழையாகும்.

இத்தகைய சிறு ஏவலர் நம் நாட்டில் மட்டும் இல்லை. ஸ்காட்லாந்து நாட்டுக் குடியானவர்கள் 'பிரௌனி' என்றொரு வீட்டுச் சிறுதெய்வத்தைப் பற்றிக் கூறிவந்தனர். அது குள்ள உருவினது. வீட்டார் உறங்கியபின் வந்து, கதிரடிக்கும், தயிர் கடையும், வீடு பெருக்கும். அதற்குக் கூலி, அடுப்பருகே வைக்கும் ஒரு கிண்ணம் பாலோ பாலேடோ மட்டுமே. யாரேனும் இரக்கமுற்று அதற்கு ஓர் ஆடை தைத்து வைத்தால், அதை அணிந்துகொண்டு அன்றே போய்விடும், பின் திரும்பாது. வேல்ஸ் நாட்டிலும் பாலுக்கு வேலை செய்யும் இத்தகைய சிறு தெய்வக் கதைகள் உண்டு.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட கதைத்தொகுதியில் செருப்புத் தைக்கும் ஏழை ஒருவரின் கதை வருகின்றது. இரவில் அவர் தோலை அறுத்து வைத்துவிட்டு உறங்குவார். விடியும்போது காலணி அழகுறத் தைத்து முடிந்திருக்கும். அவர் செல்வரானார். ஓரிரவு அவரும் மனைவியும், "நமக்கு இவ்வளவு செய்பவர் யார்?" என்று ஒளிந்திருந்து பார்த்தனர். ஆடையின்றி நின்ற இரு சிற்றுருவங்கள் விரைந்து விரைந்து தைத்துக்கொண்டிருந்தன. மனைவி மனம் நொந்தாள். இருவருக்கும் சட்டையும் காலுறையும் செய்து வைத்தாள். அவற்றை உடுத்து அவர்கள் ஆடிப்பாடிச் சென்றனர், பின்னர் வரவேயில்லை. தொழிற்சங்க வாசகசாலையில் இக்கதையைப் படித்த நாளில் நாம் சிரித்தோம். இன்று எண்ணும்போது சிரிப்பு வரவில்லை. அவ்விருவரும் தம் இலாபத்தை இழப்பதற்கும் அஞ்சாது, விழித்திருந்து பார்த்தனரன்றோ? அதுவே அக்கதையின் அறம் என்று கருதுகின்றோம்.

இனி இக்கதைகளை ஒருங்கு வைத்துப் பாருங்கள். கடல்கள் இடையிட்ட நாடுகளில் தோன்றியவை. எனினும் பல இயல்புகள் பொதுவாக உள்ளன. ஏவலன் சிறியவன். இரவில் உழைப்பவன். கண்ணிற்படாதவன். ஒரு கிண்ணம் பாலோ ஒரு பிடி அவலோ பெற்று அமைபவன். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டார் அவனைப் பற்றி விசாரிக்க வேண்டுவதில்லை. மாந்தர் மனம் இப்படியொருவனை ஏன் விரும்பிப் படைத்தது? உழைப்பின் பயன் வேண்டும்; உழைப்பவனின் பசியும் நோயும் களைப்பும் தம் கண்ணிற் படலாகாது. இவ்வாசையே சாத்தனாகவும் பிரௌனியாகவும் உருவெடுத்தது என்று நாம் கொள்கின்றோம்.

அவ்வாசையினுள் அச்சமும் உறைகின்றது. நம் பாட்டிமார் சொன்ன பூதக் கதையை நினைவுகூருங்கள். "வேலை கொடு, கொடாவிடின் உன்னை விழுங்குவேன்" என்று பூதம் ஓயாது கேட்கும். மாளிகை கட்டு என்றால் நொடியில் கட்டும். குளம் வெட்டு என்றால் நொடியில் வெட்டும். எசமானன் நடுங்கி, முடிவில் நாய்வாலை நிமிர்த்தச் சொல்லி உயிர் தப்புவான். கூலியின்றி வேலை வாங்குபவன் வேலை செய்பவனுக்கு அஞ்சியே வாழவேண்டும் என்பதைக் கதை சொன்னவர்களும் உணர்ந்திருந்தனர்.

பேய் இல்லை என்று கூறிவிட்டால் இக்கதை முடிந்தது என்று சிலர் நினைக்கலாம். முடியவில்லை. பானை நிறைந்தது உண்மை. கதிர் அடித்ததும் உண்மை. பேய் செய்யவில்லையெனில் செய்தவர் யார்?

திருவிதாங்கூர் நாட்டில் அடிமைமுறை முற்றும் ஒழிந்ததாக அரசு அறிவித்தது 1855-ஆம் ஆண்டில்தான். அதற்குமுன் வயலில் உழைத்த புலையரும் பறையரும் குறவரும் நிலத்தோடு விற்கப்பட்டனர். அவர்கள் விளைத்த நெல் எசமானின் அறைக்குள் சென்றது. அவர்களோ பல அடி தூரத்துக்கு அப்பால் ஒதுங்கி நின்றனர். அடிமைமுறை ஒழிந்த பின்னும் அவ்விலக்கு ஒழியவில்லை. நெல்லைச் சீமையில் இன்னும் கொடிய நிலை இருந்தது. புதிரை வண்ணார் என்போர் கண்ணிற்பட்டாலே தீட்டு என்று ஊர் விதித்தது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே அவர்கள் வெளியே வந்து துணி வெளுத்து, பொழுது புலருமுன் குடிசைக்குள் மறைந்தனர். 1932-ஆம் ஆண்டில் இச்செய்தி நாளிதழில் வெளிவந்தபோது படித்தவர் உலகம் திடுக்கிட்டது. இரவில் வந்து இரவிலே மறையும் பிரௌனியை ஸ்காட்லாந்து கதையிற் படைத்தது. நம் நாடோ அதனை மனிதரைக் கொண்டே படைத்தது.

அன்பர்களே, அந்தப் புதிரை வண்ணார் வெளுத்த துணிகள் யாருடையவை? தீண்டாதார் என்று பிறரால் ஒதுக்கப்பட்டவர்களின் துணிகள். ஒதுக்கப்பட்டோரும் தமக்குக் கீழே ஒருவரைக் காணாமல் வாழ்ந்தனர். இதனைக் கூற நம் நா கூசுகின்றது. ஆயினும் கூறாது விடின் நாம் உரைக்கும் சமத்துவம் பாதி உண்மையே ஆகும்.

நெய்யாற்றின்கரைச் சீமைக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1863-இல் வெங்ஙானூரில் பிறந்த மகாத்மா அய்யன்காளி, எம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறவாவிடின் எம்மவர் உம் வயலில் இறங்கார் என்று நிலவுடைமையாளருக்கு அறிவித்தார். உழவுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். நிலங்களில் புல் முளைத்தது. அதுகாறும் தாமே விளைந்ததுபோல் தோன்றிய வயல், யாருடைய கையால் விளைந்தது என்பது அன்று விளங்கிற்று. கூலி பெறாத சாத்தன் ஒருநாள் வேலையை நிறுத்தினான். நிறுத்திய பின்னரே எசமானர் கண்ணுக்கு மனிதனாகத் தெரிந்தான்.

ஆடை பெற்ற பிரௌனி வீட்டை விட்டுப் போகும் என்றோமே, அதன் பொருளையும் தென் திருவிதாங்கூர் நன்கு அறியும். தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பெண்கள் பட்ட அடிகளும் இழிவுகளும் 1822 முதல் 1859 வரை நீண்டன. ஒரு முழத் துணிக்கு மேல்சாதியார் அவ்வளவு அஞ்சியது ஏன்? ஆடை உடுத்தியவரை ஆள் என்று எண்ண நேரிடும். ஆள் என்று எண்ணியபின் சும்மா வேலை வாங்க இயலாது.

இவ்வளவும் பிறர் குற்றம். இனி நம் குற்றத்தைக் கூறுகின்றோம். நாம் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு பஞ்சாலையின் நூற்புப் பகுதியில் உழைத்தோம். பெரும்பாலும் இரவு ஷிப்டு. ஊர் உறங்கும் வேளையில் சங்கு ஊதும்; பஞ்சுத்தூசி மூக்கை அடைக்க, அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டு விடியும்வரை நடப்போம். பகலில் ஆலையைக் காண வருவோர் குவிந்துள்ள நூலைப் பார்த்து, "என்ன அருமையான இயந்திரம்!" என்று வியந்து செல்வர். எம்மைக் காணாத அக்கண்களை நாம் சங்கக் கூட்டங்களில் கடிந்து பேசியதுண்டு.

அவ்வாறு பேசிவிட்டு விடியலில் வீடு திரும்புவோம். வெந்நீர் காய்ந்திருக்கும், கஞ்சி ஆறியிருக்கும், மாற்றுத்துணி மடித்து வைத்திருக்கும். உண்டு உறங்குவோம். நம் இல்லாள் எப்போது எழுந்தாள், தெருக்குழாயில் எத்தனை பேருக்குப் பின் நின்றாள், முதல்நாள் இரவு அவளுக்குக் காய்ச்சல் இருந்ததா என்று இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் கேட்டதில்லை. ஆலையில் நாம் சாத்தனாயிருந்தோம். இல்லத்தில் ஒரு சாத்தனை வைத்திருந்தோம். இது நம் வீட்டுக் கதை மட்டுமன்று. 2024-ஆம் ஆண்டில் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடும் நேரம் சராசரி 289 நிமிடம். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம்.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். "பயன் கருதாது, தன்னைக் காட்டிக்கொள்ளாது செய்யும் உதவியன்றோ மேலானது? எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்டால் அன்பு எங்கே?" நல்ல கேள்வி. இதற்கு விடை கோசிங்க சாலவனத்தில் உள்ளது. அங்கே அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூன்று பிக்குகள் வாழ்ந்தனர். பிட்சை பெற்று முதலில் திரும்புபவர் இருக்கைகளை இட்டு, தண்ணீர் எடுத்து வைப்பார். கடைசியில் திரும்புபவர் எல்லாவற்றையும் கழுவி எடுத்து வைத்து இடத்தைப் பெருக்குவார். நீர்ப்பானை வெறுமையாயிருக்கக் கண்டவர் யாரோ அவரே நிரப்புவார். தூக்க இயலாத பளுவாயின், கையசைத்து மற்றொருவரை அழைக்க, இருவரும் சேர்ந்து தூக்குவர். பேச்சில்லை, விளம்பரமில்லை. பகவான் வந்து விசாரித்தபோது இதனைக் கேட்டு மகிழ்ந்தார்.

அங்கும் பானை அமைதியாக நிறைந்தது. அவ்வில்லத்திலும் பானை அமைதியாக நிறைந்தது. இரண்டிற்கும் வேறுபாடு என்ன? வனத்தில் மூவரும் ஒருவரையொருவர் கண்டனர். முறை மாறி மாறி வந்தது. பளுவானபோது கையசைத்தால் வருவார் இருந்தார். தன் உதவியைத் தானே மறைத்துக்கொள்வது ஈகை. உதவுபவரைப் பிறர் மறைத்து வைப்பது களவு. கொடாததை எடுத்தல் கூடாது என்னும் இரண்டாம் சீலத்தை ஏற்றுள்ள நாம், ஒருவருடைய உழைப்பையும் உறக்கத்தையும் எடுத்துக்கொள்வது எப்படி என்பதைச் சிந்திக்க வேண்டும்.

சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவான் உரைத்ததும் இதுவே. பணி செய்வாருக்குத் தலைவன் ஆற்றவேண்டிய கடமைகள் ஐந்து: வலிமைக்குத் தக்க வேலை தருதல், உணவும் கூலியும் தருதல், நோயுற்றபோது பேணுதல், அருஞ்சுவைப் பண்டங்களைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு தருதல். இவ்வைந்தில் எதனையேனும் ஆளைப் பாராமற் செய்ய இயலுமா? வலிமையை அறிய உடலைப் பார்க்கவேண்டும். நோயை அறிய முகத்தைப் பார்க்கவேண்டும். சாத்தனுக்கு நோய் வராது, களைப்பு வராது என்று எண்ணுவதனாலேயே அவனைப் பார்க்க வேண்டுவதில்லை என்று ஆகிவிடுகின்றது.

பௌர்ணமி வந்தது. நாம் மீண்டும் பாறசாலையில் இறங்கி அவ்வில்லம் சென்றோம். தாயாரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: "அம்மா, நீங்கள் மருமகளாக வந்தபோது இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள்?"

அவர் விரல்விட்டு எண்ணினார். மாமனார், மாமியார், கணவர், இரு கொழுந்தன்மார். சிறிது நேரம் சென்றபின், "மதினி ஒருத்தி இருந்தாள், என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். பின்கட்டில் கிடப்பாள். விடியலில் அவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று..." அத்துடன் நிறுத்திக்கொண்டார். பேரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; நாம் கண்காட்டித் தடுத்தோம். தாயார் நெடுநேரம் அக்கல்லையே பார்த்திருந்தார். பின்னர், "அவள் போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஒருநாளும் நான் அவளோடு இருந்து சாப்பிட்டதில்லை, மக்களே" என்றார்.

அவள்தான் செய்தாள் என்பதற்குச் சான்று காட்ட இயலாது. தாயாருக்குச் சான்று தேவைப்படவில்லை. "நன்றியை விடவேண்டாம், அம்மா, உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்" என்று மட்டும் கூறினோம். மறுமுறை நாம் சென்றபோது, அம்மதினியின் பெயரால் ஒரு தானம் நடந்திருந்தது. மகன் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்குத் தாயார் புதுப்புடவை ஒன்று எடுத்துக்கொடுத்து, அருகே அமர்த்தி உடன் உண்டிருந்தார். "மதினி கடைசிவரை பழம்புடவைதான் உடுத்தாள்" என்றார். பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் அவள் பெயர் இப்போது தெரியும்.

கல் அங்கேயே இருக்கின்றது. அதற்கு அவல் வைப்பதில்லை. ஒருநாள் அதன்மேல் அம்மிக்குழவி சாய்ந்திருக்கக் கண்டோம். பேரன் விடியலில் எழுந்து தண்ணீர் பிடிக்கின்றாராம். "இப்போது சாத்தன் யார் என்று எல்லோருக்கும் தெரியும்" என்று தாயார் சிரித்தார்.

அன்பர்களே, இன்று இரவு உங்கள் இல்லத்தில் விளக்கணைத்தபின் அடுக்களையில் ஓசை கேட்குமாயின், எழுந்து சென்று பாருங்கள்.